பன்னீர் திராட்சையும் பெரியப்பாவின் மாத்திரை டப்பாவும்

பதிவு போட்டு ஆறு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ரிலீஸ் ரிலீஸ்னு உயிரை வாங்குனாங்க. அது வழக்கமான புலம்பல், விடுங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்துல நடந்த ஒரு விசயம் மண்டைக்குள்ள உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. அதை இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

நமக்கு ஊர் சுருளிப்பட்டி. கம்பத்துல இருந்து சுருளி அருவிக்குப் போனவங்க பாத்திருப்பீங்க, ரோட்டோரம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் பந்தலா திராட்சை தொங்கும். கருப்பு பன்னீர் திராட்சை. வேற ஊர்ல வருசத்துக்கு ஒரு தடவை காய்க்கிறது எங்க பள்ளத்தாக்குல வருசம் முழுக்க எங்கயாச்சும் ஒரு தோட்டத்துல பழுத்துக்கிட்டே இருக்கும். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. பெரியப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் பந்தல் இருக்கு.

பொங்கலுக்கு மறுநாள் மோட்டார் ரூமுக்குள்ள டெஸ்டர் தேடிக்கிட்டு இருந்தேன். மயில்துத்தம் டப்பாவுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் பை. பிரிச்சா, முழுக்க மாத்திரை அட்டை. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், இன்னும் ரெண்டு மூணு. ஒண்ணுகூடப் பிரிக்கல. பில்லு தேதியைப் பாத்தேன். நாப்பது நாள் ஆகியிருந்துச்சு.

அவருக்கு ஆடி மாசம்தான் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சிருந்தாங்க. குறைஞ்சது ஒரு வருசத்துக்கு ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு சொல்லி அனுப்புன மாத்திரைகள் அது.

"என்ன பெரியப்பா இது?"

"அட, அதான் பழம் சாப்பிடுறேன்ல. ரத்தத்தைக் கட்டவிடாதுன்னு நீதானடா சொன்ன."

நாந்தான் சொன்னேன். அதுதான் இந்தப் பதிவே.

காலேஜ் கடைசி வருசம் லீவுக்கு வந்தப்ப, பந்தலுக்கு அடியில கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு மொபைல்ல ஒரு கட்டுரை படிச்சேன். திராட்சைத் தோல்ல ரெஸ்வெரட்ரால்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, ரத்தக் குழாய் தடிக்காம பாத்துக்கும், ரத்தம் உறையாம பாத்துக்கும்னு. பெரியப்பாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். இன்ஜினியரிங் படிக்கிற பய சொல்றான்னா சும்மாவா? அதுக்கப்புறம் பெட்டி ஏத்த வர்ற கேரள வியாபாரி ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் அதையே சொன்னாரு. "இது பழமில்லப்பா, ஹார்ட்டுக்கு மருந்து." விலை மட்டும் ஏறல :-)

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்தக் கட்டுரை எதை வச்சு எழுதுனாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். படிச்ச காலத்துலயே செஞ்சிருக்க வேண்டிய வேலை.

மூலம் எங்கன்னா, பிரான்ஸ். அந்த ஊர்க்காரங்க வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமா வெளுத்துக் கட்டுறாங்க, ஆனா மாரடைப்பு கம்மி. ஏன்? செர்ஜ் ரெனோங்கிற விஞ்ஞானி 1992ல் லான்செட் இதழ்ல எழுதுனாரு. அவங்க குடிக்கிற ஒயின், ரத்தத்துல இருக்கிற தட்டணுக்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டுறதைக் குறைக்குதோன்னு. தட்டணுன்னா டெங்கு சீசன்ல "குறைஞ்சிருச்சு, குறைஞ்சிருச்சு"ன்னு நாம அலர்றோமே, அதே பிளேட்லெட்தான். அங்க இருந்து பேச்சு ஒயினை விட்டு ரெஸ்வெரட்ராலுக்குத் தாவி, பெரிய வியாபாரமாச்சு. அது சம்பந்தமா மருந்து தேடுன ஒரு சின்ன கம்பெனியை 2008ல் கிளாக்ஸோ 72 கோடி டாலர் குடுத்து வாங்கி, 2013ல் மூடியே விட்டாங்க.

இன்னொரு கதை இருக்கு. அமெரிக்காவுல கனெக்டிகட் பல்கலைக்கழகத்துல திபக் தாஸ்னு நம்மாளு ஒருத்தர், ரெஸ்வெரட்ரால் இதயத்துக்கு நல்லதுன்னு வரிசையா கட்டுரை எழுதுனவர். மூணு வருச விசாரணைக்கு அப்புறம் 2012 ஜனவரியில பல்கலைக்கழகமே சொன்னது, 145 இடத்துல தரவுகள் ஜோடிக்கப்பட்டிருக்குன்னு. விசாரணை அறிக்கை மட்டும் 60,000 பக்கம். அவர் கடைசி வரைக்கும் மறுத்தாரு, அடுத்த வருசம் இறந்தும் போயிட்டாரு. அந்தத் துறையில எல்லாரும் அப்படின்னு சொல்ல வரல. ஆனா நான் கட்டில்ல படுத்துக்கிட்டு வாசிச்சுக் காமிச்சதே இதெல்லாம் வெளிய வந்து பல வருசத்துக்கு அப்புறம். அஞ்சு நிமிசம் தேடியிருந்தா கிடைச்சிருக்கும்.

எனக்கு நெஞ்சுல தச்சது வேற ஒண்ணு. இத்தாலியில கியாந்தின்னு திராட்சைக்குப் பேர்போன வட்டாரம். ஒரு வகையில அவங்க ஊரு கம்பம் பள்ளத்தாக்குன்னு வச்சுக்கங்க. அங்க 65 வயசுக்கு மேல இருந்த 783 பேரோட சிறுநீர்ல ரெஸ்வெரட்ராலோட மிச்சம் எவ்வளவு இருக்குன்னு அளந்துட்டு, ஒம்போது வருசம் கவனிச்சாங்க. 268 பேர் இறந்துட்டாங்க. அதிகமா இருந்தவங்களுக்கும் கம்மியா இருந்தவங்களுக்கும் சாவுலயோ இதய நோய்லயோ சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. முடிவு வந்தது 2014ல்.

திராட்சை மேல கோவம் ஒண்ணும் இல்ல. 1999ல் அமெரிக்காவுல இதய நோயாளிங்க 15 பேருக்குக் கருநீலத் திராட்சைச் சாறு 14 நாள் குடுத்துப் பாத்தப்ப ரத்தக் குழாய் கொஞ்சம் நல்லா விரிஞ்சுது. நிஜமான ஆராய்ச்சிதான். ஆனா 15 பேரு, 14 நாளு. அதை நம்பி ஸ்டென்ட் வச்ச மனுசன் மாத்திரையை நிப்பாட்டலாமா? அதுவும் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வேற. நூறு கிராம் திராட்சையில பதினஞ்சு கிராம் சர்க்கரை. இவரு சாப்பிட்டது அரைக் கிலோ கணக்குல.

ரத்தக் குழாய் தடிக்கிறது ஒரு விசயம், அடைக்கிறது வேற விசயம். கொழுப்பும் சுண்ணாம்பும் சுவர்ல படியுறதுக்கு வருசக்கணக்காகும். ("அந்தக் காலத்துல யாருக்குடா இதெல்லாம் இருந்துச்சு?"ன்னாரு பெரியப்பா. எகிப்து, பெரு எல்லாம் சேத்து 137 பழைய சடலங்களை ஸ்கேன் பண்ணி 2013ல் எழுதியிருக்காங்க. 47 பேருக்கு இருந்துச்சாம், பெரியப்பா.) ஆனா அந்தப் படிவு ஒரு நாள் வெடிக்குது பாருங்க, அப்ப உடம்பு அதைக் காயம்னு நினைச்சுக்குது. வெட்டுக்காயத்துல ரத்தத்தை நிப்பாட்ட ஓடி வர்ற அதே தட்டணுக்கள் அங்கயும் ஓடி வந்து ஒட்டும். அதுமேல நூல் மாதிரி ஃபைப்ரின் பின்னும். காயத்துல நம்ம உயிரைக் காப்பாத்துற வேலையே இங்க ஆளை முடிச்சுடுது.

ஸ்டென்டும் அப்படித்தான். அது உலோக வலை, உடம்புக்கு அந்நியம். அதுமேல உள்தோல் வளந்து மூடுற வரைக்கும் தட்டணு ஒட்டப் பாக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த ரெண்டு மாத்திரை. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் அதுல ஒரு நொதியை முடக்கிட்டா, புதுசா செஞ்சுக்க முடியாது. நம்ம பாஷையில சொன்னா, சோர்ஸ் கோட் தொலைஞ்சுபோன பழைய புரோகிராம் மாதிரி, பேட்ச் போடவே முடியாது. இதைக் கண்டுபிடிக்க வழி போட்டது 1971ல் ஜான் வேன், 1982ல் நோபல் குடுத்தாங்க. ஆனா தட்டணுவோட ஆயுசு ஏழுல இருந்து பத்து நாள்தான். மாத்திரையை விட்டா பத்து நாள்ல ரத்தம் முழுக்கப் புது ஆளுங்க. பெரியப்பா விட்டது நாப்பது நாள். 2005ல் வெளியான ஒரு ஆய்வுல, ஸ்டென்ட் வச்ச 2,229 பேரைக் கவனிச்சிருக்காங்க. 29 பேருக்கு ஸ்டென்ட் உறைஞ்சு அடைச்சிருக்கு. அதுக்கு ரொம்பப் பெரிய காரணமா தெரிஞ்சது, மாத்திரையைப் பாதியில விட்டது. அது பழைய வகை ஸ்டென்ட், இப்ப தேவலை. இருந்தாலும் படிச்சப்ப கை நடுங்குச்சு.

விடியக்காலைல கம்பத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். இசிஜி எடுத்தாங்க, புதுசா ஒண்ணும் இல்ல. டாக்டர் திட்டுவாருன்னு பாத்தா, அமைதியா ஒரே கேள்விதான் கேட்டாரு.

"அய்யா, ரத்தம் ஏதும் வந்துச்சா?"

பெரியப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம்தான் விசயம் வெளிய வந்துச்சு. கவாத்து பண்றப்ப கத்தரி விரல்ல பட்டிருக்கு. ஒரு மணி நேரமா ரத்தம் நிக்கல. வேப்பங்குச்சி வச்சா ஈறுல ரத்தம். கையில எங்க இடிச்சாலும் கன்னிப்போகுது. கூட வேலை பாத்தவங்க "மாத்திரை தின்னு தின்னு ரத்தம் தண்ணியாப் போச்சு அண்ணே"ன்னு சொல்லியிருக்காய்ங்க. மனுசன் பயந்துட்டாரு. வீட்டுல சொன்னா வேலைக்கு விடமாட்டோம்னு, மாத்திரையை மோட்டார் ரூம்ல ஒளிச்சிட்டாரு. திராட்சை எல்லாம் எங்களுக்குச் சொன்ன சாக்கு. அந்தச் சாக்கை எடுத்துக் குடுத்தது நானு.

ரத்தம் நிக்க லேட்டாகும், அது மாத்திரை வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம், கருப்பா மலம் போனாலோ நிக்கவே இல்லைன்னாலோ உடனே வாங்க, ஆனா நீங்களா நிப்பாட்டாதீங்கன்னு டாக்டர் விளக்கிச் சொன்னாரு. வயித்துக்கு ஒரு மாத்திரை சேத்துக் குடுத்தாரு. இந்த அஞ்சு நிமிசப் பேச்சு ஆடி மாசமே நடந்திருந்தா... இல்ல, நான்தான் டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கூட இருந்தேன். நானும் கேக்கலையே.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். ஆடி மாசம் நெஞ்சுவலி வந்தப்ப பெரியம்மா அவரை முதல்ல கூட்டிட்டுப் போனது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அங்க நர்ஸம்மா கை நிறைய மாத்திரையைக் குடுத்து முழுங்க வச்சுத்தான் ஆம்புலன்ஸ் ஏத்தியிருக்காங்க. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. தமிழ்நாடு அரசு 2023ல் ஆரம்பிச்ச 'இதயம் காப்போம்' திட்டம். மதுரை போக நூறு கிலோமீட்டருக்கு மேல. எங்களை மாதிரி ஊருக்காகவே நம்ம மாநிலத்துல ஒரு ஆராய்ச்சியும் நடந்திருக்கு. சின்ன ஆஸ்பத்திரியிலயே கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டு, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புற மாதிரி ஒரு ஏற்பாடு. 2,420 நோயாளிங்க. ஒரு வருசத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவீதத்துல இருந்து 14.2 ஆச்சுன்னு 2017ல் வெளியிட்டாங்க. நூறு பேருக்கு மூணு உயிரு மிச்சம். இதை நான் பெரியப்பாவுக்கு வாசிச்சுக் காமிச்சதே இல்ல. இதுல திராட்சை வரலையே, அதனாலயா இருக்கும்.

இப்ப மாத்திரை டப்பா மோட்டார் சுவிட்ச் பெட்டிக்கு மேல ஆணியில தொங்குது. காலைல மோட்டார் போடாம இருக்க மாட்டாருல்ல? ராத்திரி மாத்திரைக்குப் பெரியம்மா பொறுப்பு.

கிளம்புற அன்னிக்குப் பழம் எடுக்க வந்த வியாபாரி வழக்கம்போல ஆரம்பிச்சாரு. "இது ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொல்வீங்களே அண்ணே?" பெரியப்பா என்னை ஒரு பார்வை பாத்தாரு. "வாய்க்கு நல்லதுப்பா. எடைய ஒழுங்காப் போடு."

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் ஆளு. உங்க வீட்டுல யாராச்சும் ஸ்டென்ட் வச்சிருந்தா போன் போட்டு மாத்திரையைப் பத்தி மட்டும் கேக்காதீங்க, ரத்தம் ஏதும் வருதான்னும் கேளுங்க.