உரோமைத் திருப்பயணமும் விசா என்னும் வாசலும்

வத்திக்கான் நகருக்கென்று தனி விசா எதுவும் இல்லை. 1929-ஆம் ஆண்டின் இலாத்தரன் உடன்படிக்கையால் தனி நாடாகிய அந்நகரின் பரப்பு ஏறத்தாழ 44 எக்டேர். நம் ஊர்க் கணக்கில் நூற்றுப் பத்து ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. புனித இராயப்பர் சதுக்கத்தில் தூண் வரிசைகளின் கைகள் முடியுமிடத்தில் தரையில் பதிக்கப்பட்டுள்ள கற்பட்டையே எல்லைக்கோடு. அதைத் தாண்டும்போது எவரும் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. பேராலயத்தினுள் நுழையப் பைகளைச் சோதிப்பார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டுமென்பார்கள். நம் சேலைக்கும் வேட்டிக்கும் அங்கே தடையேதுமில்லை.

ஆனால் அச்சிறு நாட்டை நாற்புறமும் சூழ்ந்திருப்பது இத்தாலி. எனவே இராயப்பர் கல்லறையில் முழந்தாளிட விரும்பும் இந்தியர் முதலில் இத்தாலியின் கதவைத் தட்ட வேண்டும். அக்கதவோ இன்று இருபத்தொன்பது நாடுகளுக்குப் பொதுவானது. 1985-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், இலக்சம்பர்க்கின் ஷெங்கன் என்னும் சிற்றூரருகே, மோசெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையே இதன் தொடக்கம். பெருநகர்கள் பல இருக்க, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் பெயர் நம் பாஸ்போர்ட்டுகளில் ஏறிவிட்டது!

ஷெங்கன் விசா ஒன்றிருந்தால் உரோமை, லூர்து, பாத்திமா, போலந்தின் செஸ்டகோவா ஆகிய திருத்தலங்கள் யாவும் திறந்தனவே. எந்த நாட்டில் மிகுதியான நாட்கள் தங்குகிறோமோ அந்நாட்டிடமே விண்ணப்பித்தல் வேண்டும். நாட்கள் சமமாயின் முதலில் இறங்கும் நாட்டிடம். விரைவில் கிடைக்குமென்று யாரோ சொன்னதை நம்பி வேறொரு நாட்டிடம் விண்ணப்பிப்போர் உண்டு. பயணத்திட்டத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது புரியாமற் போகாது.

இங்கே ஒரு கண்ணியையும் சொல்லிவிட வேண்டும். மெட்ஜுகோரியே அமைந்துள்ள பொஸ்னியா நாடு ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளது. உரோமையிலிருந்து அங்கு சென்று மீண்டும் உரோமை திரும்பி விமானம் ஏறுவது இரண்டாம் நுழைவாகும். ஒரே நுழைவுக்கான விசாவோடு சென்றவர் திரும்பும் எல்லையில் நிறுத்தப்படுவார். ஆகவே குழுவை அழைத்துச் செல்வோரிடம் முன்பணம் கொடுக்குமுன், “எத்தனை நுழைவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?” என்று கேட்டறிதல் நலம்.

பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நாம் ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்கள் செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களேனும் உடையதாகவும் இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் உண்மையான தொல்லை இதிலன்று, பெயரில்தான். ஞானஸ்நானச் சான்றிதழில் அந்தோணியம்மாள். பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர். வங்கிக் கணக்கில் முன்னெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டிலோ முன்னெழுத்து விரிந்து தந்தையின் பெயரே குடும்பப் பெயராகி நிற்கும். “சூசை” என்பதை ஆங்கிலத்தில் ஒரு வீட்டிலேயே மூவர் மூன்று விதமாக எழுதுவதை நாம் கண்டிருக்கிறோம். கணவனும் மனைவியும் என்று நிறுவ முடியாமல் ஆறு பிள்ளைகள் பெற்ற தம்பதியர் விண்ணப்ப மையத்தில் விழித்து நிற்பது வேடிக்கையன்று. பயணத்தை எண்ணிய அன்றே எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்திய பின்னரே விசாவைப் பற்றி நினைக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது பதினைந்து நாட்கள் இருக்கவேண்டும். சிலருக்கு முடிவு வர நாற்பத்தைந்து நாட்கள் வரை ஆகலாமாதலால் கடைசி நேரத்தை நம்புதல் ஆகாது. கைரேகை பதிக்க நேரில் செல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறார்க்கு அது வேண்டுவதில்லை. முப்பதாயிரம் யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்கு 45. அதற்கும் சிறியோர்க்கு இல்லை. விசா மறுக்கப்பட்டால் இப்பணம் திரும்பாது.

மறுப்புக்கான காரணம் அச்சிட்ட படிவத்தில் குறிக்கப்பட்டு வரும். பெரும்பாலும் அது ஒன்றே: திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை அதிகாரிக்கு ஏற்படவில்லை. பங்குத்தந்தையின் கடிதம் நற்சான்றுதான். ஆயினும் ஊரில் உள்ள வேலை, நிலம், ஓய்வூதியம், பல மாதங்களின் வங்கிக் கணக்கு ஆகியவற்றின் இடத்தை அது பிடிக்காது. விண்ணப்பிக்குமுன் எவரிடமோ கடன் வாங்கிக் கணக்கில் போட்ட பெருந்தொகை ஐயத்தையே வளர்க்கும்.

இதனருகே வருத்தத்தோடு எழுதவேண்டியது ஒன்றுண்டு. திருப்பயணக் குழுவோடு செல்லுமாறும், அங்கு சென்றபின் குழுவை விட்டு மறைந்து வேலை தேடிக்கொள்ளுமாறும் ஏழை இளைஞரிடம் இலட்சங்களைக் கறக்கும் தரகர்கள் உள்ளனர். அவ்விளைஞனுக்குக் கிடைப்பது சட்டத்தின் நிழலில் ஒளிந்து வாழும் அடிமை வேலை. அடுத்த ஆண்டு அதே மறைமாவட்டத்திலிருந்து விண்ணப்பிக்கும் விதவைத் தாயொருத்தி, ஆயுளெல்லாம் சேமித்தும், அந்த ஐயத்தின் விலையைக் கொடுக்க நேரிடும். வீட்டுப் பெரியோர் தம் பிள்ளைகளிடம் இதை ஒளிவுமறைவின்றிப் பேசிவிட வேண்டும்.

விசா கைக்கு வந்ததும் அதனைப் படித்துப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு தேதிகளும் ஓர் எண்ணும் இருக்கும். தேதிகளுக்கிடையே ஒரு மாதம் இருந்தாலும், எண் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு நாட்களே தங்கலாம். இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும்.

உரோமையின் பியுமிச்சினோ விமான நிலையத்தில் எம் குழுவிலிருந்த முதியவர் ஒருவரை அதிகாரி, “எங்கே தங்குவீர்?” என்று வினவ, அவர் செபமாலையை உயர்த்திக் காட்டினார். அதிகாரி சிரித்தார்; ஆனால் விடுதியின் முகவரியைப் பார்த்த பின்னரே உள்ளே விட்டார். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தோடு வரவையும் செலவையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்துள்ளது. எனவே நாள் கடந்து தங்கினால் கணினியே சொல்லிவிடும். விடுதியில் பாஸ்போர்ட்டைக் கேட்பதும் தவறான நோக்கத்தினாலன்று. தங்குவோர் விவரத்தைக் காவல் துறைக்கு அறிவிப்பது அங்கு விடுதிக்காரரின் சட்டக் கடமை.

இத்தாலிக்குள் சென்றபின் கூடுதல் விசாவின்றியே காணத்தக்க ஓர் ஊரை நம் குழுக்கள் ஏனோ விட்டுவிடுகின்றன. அத்ரியாத்திக் கடற்கரையில் உள்ள ஒர்த்தோனாவில், 1258 முதல் புனித தோமையாரின் திருப்பண்டங்கள் பேணப்படுகின்றன. மயிலைச் சாந்தோமிலிருந்து புறப்படுகிறவர்கள் ஒரு நாளை அவ்வூருக்கு ஒதுக்கலாகாதா?

திருத்தந்தையின் புதன்கிழமைப் பொதுச் சந்திப்புக்குரிய சீட்டு முற்றிலும் இலவசம் என்பதையும் சேர்த்துக் குறிக்கிறோம். அதற்கு எவர் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.