ஒதுக்கப்பட்ட இழை

சில ஆண்டுகளுக்கு முன், டயாலிசிஸ் படுக்கையில் கிடந்த பங்கு மனிதர் ஒருவர் நம்மை நோக்கி, “அப்பாவைக் கொண்டுபோன நோய்தான் சாமி. என் மகனையும் விடாதோ?” என்றார். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் அது. விடையின்றி அவர் கையைப் பற்றியிருந்தோம்.

பின்னரே அந்நோயைப் பற்றிக் கற்கலானோம். சிறுநீரக நுண்குழாய்களின் உயிரணுக்களில் சிலியா எனும் ஒற்றைக் குறு இழை நீண்டு நிற்கின்றது. 1898இல் சிம்மர்மன் என்னும் அறிஞர் அதனை விவரித்தார். ஆயினும், பயனிழந்த எச்சமென்றே அறிஞருலகம் அதனை நெடுங்காலம் ஒதுக்கிவைத்தது. 2000இல்தான், நீர்க்கட்டி கண்ட சுண்டெலியின் சிறுநீரகத்தில் இவ்விழை குட்டையாயிருப்பது அறியப்பட்டது. பச்சைப்பாசி ஒன்றின் நீந்தும் இழையை ஆய்ந்தோரே இதனைக் கண்டனர் என்பது வியப்பு! இவ்விழை உயிரணுவின் செவி போன்றது. புறச்செய்தியை உள்ளே உரைப்பது. மாந்தருக்கு வரும் நோயில் பழுதுறும் புரதங்களும் அதிலேயே உறைபவை. செய்தி பிறழவே, உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகிக் கட்டியாகின்றன. அழற்சி சூழ்ந்து கேட்டினை வளர்க்கின்றது.

கட்டியின் வளர்ச்சியைத் தாமதிக்கும் மருந்தொன்று 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. மகனுக்கு நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நூறாண்டு ஒதுக்கிய இழையிடமே அறிஞர் இன்று விடை தேடுகின்றனர் என்று அவரிடம் சொல்ல விழைகின்றோம். கேட்க அவர் இல்லை. மகனிடம் சொல்லியுள்ளோம்.