அடுத்த கைக்குப் போகும் மரம்

மைசூரு மண்டி மொஹல்லாவில் நாங்கள் போன இன்லே பட்டறை வீட்டின் முன்னறைதான். ரம்பச் சத்தத்துக்கு நடுவே உள்ளேயிருந்து தாளிப்பு வாசனை வந்தது. நான்கு பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் காகிதத்தில் வரைந்ததை அடுத்தவர் மெல்லிய மரத்தகட்டில் ஒட்டி, நூல் போன்ற ரம்பத்தால் அறுத்தார். மூன்றாமவர் அந்தத் துண்டை ஈட்டி மரப் பலகையில் வைத்து, ஓரத்தைக் கூரிய முனையால் கீறி, கீறிய இடத்தைத் தகட்டின் கனத்துக்கு மட்டும் உளியால் தோண்டினார். கடைசி ஆள் பசை தடவிப் பதித்து, தேய்த்து, பாலிஷ் போட்டார்.

நாங்கள் கேம் ஆர்ட் படிக்கும் ஐந்து பேர். ஆடு புலி ஆட்டத்தைக் கைபேசிக்குக் கொண்டுவருவது எங்கள் குழு வேலை. ஈரோட்டுப் பக்கம் கோயில் மண்டபத் தரையில் செதுக்கிய கோடுகளில் கூழாங்கல் வைத்து நான் ஆடிய அதே ஆட்டம் கன்னடத்தில் ஆடு ஹுலி ஆட்ட. எங்கள் ஆட்டப் பலகை மைசூரு இன்லே வேலைப்பாட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். இணையத்தில் கிடைக்கும் படங்களில் மரம் எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி பளபளக்கிறது. அது போதாது.

அறுக்கும் பாயிடம், கோட்டின் மேலேயே ஏன் ரம்பத்தை ஓட்டவில்லை என்று கேட்டேன். "கோட்டை விட்டு வெளியே அறுக்கணும் பேட்டா. பெருசா இருந்தா அரத்தால ராவிக்கலாம். சிறுசாப் போனா, பதிக்கிறவன் என்ன பண்ணுவான்?" என்றார். அந்த மயிரிழை அளவு அவருக்கானதல்ல, பக்கத்தில் இருப்பவருக்கானது. வரைபவரும் அப்படித்தான். ரம்பம் திரும்ப முடியாத மூலையை அவர் வரைவதே இல்லை.

குழு வேலையில் மாணவர்கள் கற்க வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். வரைவதையும் மாடல் செய்வதையும் தனியாக உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். செய்ததை அடுத்தவர் கையில் எந்த நிலையில் கொடுப்பது என்பதைத் தனியாகக் கற்க வழியே இல்லை. கேம் ஆர்ட்டில் ஒரு மரப்பெட்டி திரைக்கு வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. கான்செப்ட் ஓவியம், முப்பரிமாண மாடல், அதன் மேற்பரப்பைத் தோல் உரித்ததுபோல் தட்டையாக விரிக்கும் யூவி, அதன்மேல் டெக்ஸ்ச்சர், பிறகு ஒளி. ஒரு மீட்டர் நீளத்துக்கு 512 பிக்சல் என்று ஒருவரும் 1024 என்று இன்னொருவரும் வைத்துக்கொண்டால், அருகருகே நிற்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று துல்லியமாகவும் மற்றது மங்கலாகவும் தெரியும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல வேலை. சேர்த்து வைத்தால்தான் கண்ணை உறுத்தும்.

பட்டறையில் பெரும்பாலும் சாயம் கிடையாது. மஞ்சள் வேண்டுமானால் பலா, கறுப்புக்குக் கருங்காலி. ஒரு காலத்தில் வெள்ளைக்கு யானைத் தந்தம் இருந்தது. அம்பா விலாச அரண்மனையில் தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவை இன்றும் பார்க்கலாம். 1986இல் வந்த சட்டத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடுத்தது. கைவினைஞர்கள் வெளிறிய மரங்களுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறினார்கள். பொருள் மாறியபோதும் வேலை கைமாறும் வரிசை மாறவில்லை.

விளையாட்டுக்குக் கலை செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைப் பறித்துக்கொண்ட பிறகு, மைசூரு மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் பண்டிதர்களையும் ஓவியர்களையும் வைத்துக்கொண்டு நூல்களும் ஆட்டங்களும் உருவாக்கினார். அவர் காலத்து ஸ்ரீதத்துவநிதி நூலின் ஒன்பதாம் பகுதியான கௌதுகநிதி விளையாட்டுகளுக்கே உரியது. தசாவதாரக் கஞ்சிஃபா சீட்டாட்டத்தில் 120 சீட்டுகள் என்றால், அவர் வகுத்த சில தொகுப்புகள் 300ஐத் தாண்டும். ஒரே தொகுப்பின் அத்தனை வட்டச் சீட்டுகளிலும் கோட்டின் கனமும் நிறமும் ஒத்துப்போக வேண்டும். ஓவியர் குழுவுக்குள் எவ்வளவு பேச்சு நடந்திருக்கும்!

மிருகக்காட்சிசாலைக்கு எதிரே ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் நடத்தும் 'கிரீடா கௌசல்யா' கண்காட்சி இந்த விளையாட்டுக் கலையைக் கண்முன் நிறுத்துகிறது. சௌகாபாரா, பகடை, அளிகுளிமணெ என்ற பல்லாங்குழி எல்லாம் வெவ்வேறு கைவினை மரபுகளில் செய்யப்பட்டவை. காய்கள் என்றால் சென்னப்பட்டணம். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழற்றி, உராய்வுச் சூட்டிலேயே அரக்கை உருக்கி ஏற்றி, தாழை இலையால் மெருகு போடுகிறார்கள். பலகை ஓர் ஊரிலும் காய் இன்னோர் ஊரிலும் செய்தாலும், காய் கட்டத்துக்குள் பொருந்தி நிற்க வேண்டும்.

கல்லூரிகளின் மதிப்பெண் முறை குறித்து எனக்கு வருத்தம் உண்டு. குழு வேலைக்கு மதிப்பெண் போடும்போது யாருடைய புலி அழகாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். எவருடைய கோப்பை அடுத்தவர் கேள்வி கேட்காமல் திறந்து வேலையைத் தொடர முடிந்தது என்று பார்ப்பதில்லை. கோப்புக்குத் தெளிவான பெயர் வைத்தவளும், எல்லோரும் பின்பற்ற ஓர் அளவுத் தாள் எழுதியவனும் மதிப்பெண் பட்டியலில் காணாமல் போகிறார்கள். மாடல் செய்பவர் ஒரு வாரமாவது டெக்ஸ்ச்சர் நாற்காலியில் உட்கார வேண்டும், வரைபவர் மாடல் செய்ய வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதலாம். அந்தப் பட்டறையில் பதிப்பவரும் பல வருடம் அறுத்தவர்தான்.

ஆட்டம் ஓரளவு உருவானதும் கைபேசியை எடுத்துக்கொண்டு பாயிடம் போனோம். புலியை அவர் கவனிக்கவே இல்லை. பலகையின் சட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நாலு பக்கமும் ரேகை ஒரே திசையில ஓடுதே. சட்டம் நாலு துண்டு இல்லையா? ஒவ்வொண்ணுலயும் ரேகை நீளவாக்குல போகணும், மூலையில திரும்பணும்" என்றார். அன்றிரவு மாடல் செய்தவள் சட்டத்தை மூலைவாட்டில் வெட்டி நான்காகப் பிரித்தாள். நான் யூவியில் இரண்டு துண்டுகளைத் திருப்பினேன். டெக்ஸ்ச்சர் செய்பவன் ரேகையை மறுபடி ஓட்டினான். ஒளி பார்ப்பவன் விடியும்வரை விழித்திருந்து, மூலை இணைப்பில் விழும் நிழலைச் சரிசெய்தான்.