அமாவாசைக்கு முந்தின சாயங்காலம்

திருவள்ளூரைப் பார்க்க வேண்டுமென்று யார் கேட்டாலும், அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். வீரராகவப் பெருமாளை மற்ற நாட்களில் நெரிசலில்லாமல் சேவிக்கலாம். ஆனால் தேரடியும் பஜாரும் குளக்கரையும் ஒன்றாகச் சேர்ந்து விழித்திருப்பது அந்த ராத்திரியில்தான்.

அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் போவதே நல்லது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த ஊர் வழியாகத்தான் போனது. ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் "தேரடி, தேரடி" என்று கூவிக்கொண்டிருப்பார்கள். நான் ஏறிய வண்டியில் காக்களூர் சிட்கோவில் ஷிஃப்ட் முடித்த இரண்டு பெண்கள், கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே துணி மூட்டையோடு ஒரு பாட்டி; பேச்சு முழுக்கத் தெலுங்கு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இங்கே எப்போதும் உண்டு. அந்தப் பெண்களும் தடுமாறாமல் தெலுங்கிலேயே பதில் சொன்னார்கள்.

தேரடியில் இறங்கியதும் நேரே சன்னதிக்குப் போகக் கூடாது. உள்ளூர்க்காரர்களின் வரிசை வேறு. வெல்லக் கடை அம்மா அதை எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

"முதல்ல குளம் சார். வெல்லத்தைக் கரைச்சிட்டு, அப்புறமா உள்ள போங்க."

"எதுக்கும்மா கரைக்கணும்?"

"உடம்புல கட்டியோ மருவோ எது இருந்தாலும், வெல்லம் கரையற மாதிரி கரைஞ்சிடும். உப்பு மிளகும் வாங்கிக்கோங்க."

பக்கத்துத் தட்டில் கண், கை, கால், வயிறு என்று உறுப்புகளை அச்சடித்த மெல்லிய தகடுகள். எது வலிக்கிறதோ அதை வாங்கி உண்டியலில் சேர்க்கிறார்கள். ஒரு தகப்பன் கால் தகடு ஒன்றைத் தேடி எடுத்துத் தன் பிள்ளையின் கையில் கொடுத்ததைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கிற அதே முகம். வைத்திய வீரராகவர் என்ற பெயர் இங்கே வெறும் பட்டமாக இல்லை. சிவனையும் முருகனையும் உருகிப் பாடிய வள்ளலாரும் இந்தப் பெருமாளுக்குப் போற்றிப் பஞ்சகம் பாடியிருக்கிறார்.

ஹிருத்தாபநாசினி என்பது குளத்தின் பெயர். இருட்டியதும் அதன் கரையிலும் கோயிலைச் சுற்றியும் பாயும் போர்வையும் விரிய ஆரம்பிக்கும். கட்டுச்சோறு பிரியும். முன்பின் தெரியாத குடும்பங்கள் ஊறுகாயை மாற்றிக்கொள்ளும். சாலிஹோத்ர முனிவரிடம் முதியவராக வந்த பெருமாள் பசியாறிவிட்டு, படுக்க இடம் கேட்டு இங்கேயே சயனித்துவிட்டார் என்பது தலவரலாறு. உள்ளே அவர் முனிவரின் தலைமேல் கை வைத்தபடி படுத்திருக்கிறார். வெளியே அத்தனை பேர். படுக்க இடம் தேடி வந்த சாமியின் ஊரில் யாரையும் எழுப்பி விரட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தெருக்காரர்களும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். தன் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த கைக்குழந்தைக்காரிக்கு ஒரு பெரியவர் கேட்காமலே விசிறி கொண்டுவந்து கொடுத்தார்.

விடியற்காலையில் தர்ப்பணக் கூட்டம். அது முடிந்ததும் ஊர் சட்டென்று காய்கறிக்கு மாறிவிடுகிறது. வாழைக்காய், பூசணிக் கீற்று, பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டு. பேரம் பேசுகிற சத்தம் பஜார் வீதி முழுக்க.

தை அமாவாசைக்கோ ஆடி அமாவாசைக்கோ போகிறவர்கள் ஒரு கெட்டிப் போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்வதற்குள் போய் இடம் பிடித்துவிடுங்கள். வயதானவர்கள் யாராவது நின்றுகொண்டிருந்தால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.