கொச்சியில் இரண்டு நாள்

ஊர் சுற்றிப் பார்ப்பது என்கிற பழக்கம் நம்ம சனத்துக்கு வாய்த்ததில்லை. எங்க ஆயா தலைமுறை ஊரைவிட்டுப் போனதெல்லாம் கரும்பு வெட்ட, செங்கல் அறுக்க, இல்லையென்றால் கலவரத்துக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக. போன இடத்தில் கடல் இருந்ததா, கோட்டை இருந்ததா என்று கேட்டால் ஆயா சிரிக்கும். "வேல பாக்கப் போனமா, வேடிக்க பாக்கப் போனமா?" என்னும். அதனாலேயே மாநாடு, வழக்கு, உண்ணாவிரதம் எதுவும் இல்லாமல், பார்க்கவும் தின்னவும் மட்டுமே ஒரு ஊருக்குப் போகணும் என்று மூன்று பேர் முடிவு செய்தோம். நான், கல்லூரியில் எனக்கு மூத்த அண்ணன் ஒருவர், தலித் மாநாடுகளின் வரலாற்றை ஆய்வு செய்கிற தம்பி ஒருவன். ரயிலேறிக் கொச்சிக்குப் போனோம்.

கோட்டைக் கொச்சியில் எல்லாரும் பார்ப்பதைத்தான் முதலில் பார்த்தோம். கரையோரம் வரிசையாகச் சீன வலைகள். பெரிய மரச்சட்டத்தில் தொங்கும் வலையைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றில் கட்டிய பாறாங்கற்களின் எடையைக் கொண்டு தூக்குகிறார்கள். ஒரு வலைக்கு நாலைந்து ஆள் வேண்டும். அந்தி வெயிலில் படம் எடுக்கிறவர்கள் வலையைத்தான் எடுக்கிறார்கள். கயிறு இழுக்கிறவன் கை படத்தில் விழுவதில்லை. பக்கத்திலேயே பிரான்சிஸ் தேவாலயம். 1524இல் கொச்சியில் செத்த வாஸ்கோடகாமாவை இங்கேதான் புதைத்தார்கள். பிறகு எலும்பைத் தோண்டி லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலிக் குழியைச் சுற்றியும் கூட்டம் நிற்கிறது. எங்கள் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகம் முழுக்க வந்தவன், பிடித்தவன், கட்டியவன் கதை. சுமந்தவன் கதை அதில் இல்லை.

பசித்தது. தெருமுனைச் சாயாக்கடையில் உட்கார்ந்தோம். அண்ணன் நம்மூர்ப் பழக்கத்தில் குரலைத் தாழ்த்தி, "சேட்டா, பீஃப் இருக்குங்களா?" என்றார். கடைக்காரர் உள்ளே திரும்பித் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மூணு பொரோட்டா, பீஃப்!" என்று சத்தம் போட்டார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறிப் போட்டு, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கருக வறுத்த கறி. பக்கத்து மேசையில் வேறு வேறு மதத்து ஆட்கள் அதையே தின்றுகொண்டு அரசியல் பேசினார்கள். நம்மூரில் கறி வாங்கினால் இலையில் கட்டி, தாளைச் சுற்றி, பைக்குள் பையாக வைத்து எடுத்து வரணும். 2022இல் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்று தெரிந்து எதிர்ப்புக் கிளம்பியது, விழாவும் தள்ளிப்போனது. பிரியாணிக்குப் பேர்போன ஊரிலேயே அந்த நிலைமை. சத்தமாகக் கறி கேட்டுத் தின்பதில் ஒரு விடுதலை இருக்கிறது என்பதை அன்றைக்கு நாக்கு சொன்னது.

அதற்காகக் கேரளத்தில் சாதி செத்துவிட்டது என்று எழுத நான் வரவில்லை. நாயர், நம்பூதிரி என்கிற வால் கடைப்பலகையில் ருசிக்குச் சான்றிதழாகத் தொங்குகிறது. புலையர் மெஸ் என்று ஒரு பலகை கண்ணில் படுமா என்று இரண்டு நாளும் பார்த்தோம். படவில்லை. கப்பையும் மீன்கறியும் வயல் சேற்றில் நின்றவர்களின் பசியடக்கிய சோறு. இன்றைக்கு அது பெரிய ஓட்டலில் மண்சட்டியில் வருகிறது. சோறு மேலே ஏறிவிட்டது. ஆக்கியவளின் பேர் ஏறவில்லை.

மறுநாள் மட்டாஞ்சேரி. 1568இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடம். நீலச் சித்திரம் தீட்டிய சீன ஓடு பதித்த தரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கணும். அழகுதான். ஆனால் இந்தக் கூடத்துக்கு உள்ளேயும் ஒரு சேரி இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார உரிமையில்லை. அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882-1967) தன் சொந்த மதத்துக்காரர்களை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார். சாதிக்கு எந்தக் கடவுள் வீட்டிலும் ஒரு திண்ணை கிடைத்துவிடுகிறது.

அதே மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பனுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, போர்த்துக்கீசியர்கள் தங்கள் புதையலோடு ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள், அவர்கள் ஆவியாகக் காவல் நிற்கிறார்கள் என்பது சனங்களின் கதை. முத்தப்பனுக்குச் சிலை கிடையாது. புட்டு, கறி, கள், சுருட்டுதான் படையல். அண்ணன் பார்த்துவிட்டு, "அட, இவரு நம்ம சாமிய்யா!" என்றார். ஆமாம். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். கொன்றுவிட்டுப் பயந்துபோய்க் கும்பிடுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சாயங்காலம் எர்ணாகுளம் உயர்நீதிமன்றத் துறைக்கு வந்து, முளவுகாடு தீவுக்குப் போகும் படகில் ஏறினோம். 2023 ஏப்ரலில் ஓடத்தொடங்கிய வாட்டர் மெட்ரோ, அடுத்த வருசம் இந்தத் தடத்துக்கும் வந்தது. குளிரூட்டிய படகு, கண்ணாடி சன்னல். தம்பி அந்தத் தண்ணீரைக் காட்டிச் சொன்னான்: "அண்ணே, நாம பாக்க வந்த எடம் இதுதான்."

1913இல் கொச்சி அரசில் புலையர்கள் கூட்டம் போட ஒரு சாண் நிலம் கிடைக்கவில்லை. ராஜாவின் மண்ணில் கூடினால் குற்றம். பொதுவழியில் நடக்கவே விடாதவர்கள் மைதானமா கொடுப்பார்கள்? மீனவச் சமூகத்தில் பிறந்த பண்டிட் கருப்பனும், புலையர்களின் தலைவர் கிருஷ்ணாதியும் ஒரு வழி கண்டார்கள். வள்ளங்களைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகை பரப்பி, காயல் நடுவிலேயே மாநாடு கூட்டினார்கள். மண் ராஜாவுடையது, தண்ணீர் எவன் பட்டாவிலும் இல்லை. காயல் சம்மேளனம் என்று அதற்குப் பேர்.

அந்தக் கிருஷ்ணாதியின் குடும்பத்துப் பெண்தான் தாட்சாயணி வேலாயுதன். மாநாட்டுக்கு முந்தின வருசம், 1912இல், முளவுகாட்டில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தபோது, ஆய்வகத்தில் செய்முறையைக் கிட்டே காட்ட மறுத்தார் ஓர் ஆசிரியர். தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டு 1935இல் பட்டம் வாங்கினார். 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர். நம் மாகாணத்துப் பிரதிநிதியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் அவர் பேரைச் சொன்னதில்லை.

படகில் யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், மீன் பை வைத்திருந்த ஒரு பெரியவர். இந்த இடம் சும்மா வந்ததல்ல. நூறு வருசத்துக்கு முன்னால் பலகைமேல் தள்ளாடி நின்று பேசியவர்கள் வாங்கிக்கொடுத்தது.

மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொச்சிக்குப் போங்கள். சீன வலையைக் காட்டுங்கள், பீஃப் வாங்கிக்கொடுங்கள், வாஸ்கோடகாமாவின் காலிக் குழியையும் காட்டுங்கள். ஆனால் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்து முளவுகாட்டுப் படகில் ஏற்றிவிடுங்கள். நடுக்காயலில் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் தண்ணீரைப் பார்க்கட்டும்.