அதிரசமும் கறுத்த வெல்லமும்



அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தட்டில் முக்கோணமாக வெட்டிய ஒரு பலகாரம். அடியில் கறுப்பாகப் பாகு, மேலே உதிரி உதிரியாக மாவு. "இதுக்குப் பேரு ஷூஃப்ளை பை, டீச்சர். ஈ விரட்டுற பைன்னு அர்த்தமாம். மொலாசஸ் ஊத்திச் செய்றாங்க. ஒரு வாய் வச்சதும் உங்க வீட்டு அதிரசம் ஞாபகம் வந்துருச்சு" என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்களின் பழைய பலகாரமாம் அது. காலையில் காபியோடு சாப்பிடுவார்களாம்.

மாவு எங்கே, அரிசி எங்கே, அதற்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு இருக்கிறது. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைத் தனியாக எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். வெல்லத்தில் அதைப் பிரிப்பதில்லை, உள்ளேயே இருக்கிறது. வெல்லத்துக்கு நிறமும் மணமும் கொடுப்பதே அதுதான். அவள் நாக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது.

அதிரசம் இன்று நேற்று வந்ததல்ல. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் சுவாமிக்குப் படைக்கும் பணியாரங்களில் 'அதிரசப்படி' என்றே வருகிறது. விஜயநகர அரசர்கள் காலத்துச் சங்கதி. நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே தெருவில் இதற்கு மூன்று பெயர் கேட்கலாம். தமிழ் பேசும் வீட்டில் அதிரசம், கன்னடம் பேசும் வீட்டில் கஜ்ஜாயம், தெலுங்கு பேசும் வீட்டில் அரிசெலு. தீபாவளியன்று தட்டு மாறி மாறிப் போகும்போது பெயர் ஒன்றும் தடையாக இருந்ததில்லை.

இதற்கு வேண்டிய சாமான் எல்லாம் நம் மண்ணிலேயே இருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு இருபோகம் விளைந்த வயல், அதனால் அரிசிக்குக் குறைவில்லை. ஏலக்காய்க்கு மேலே மலை இருக்கிறது. கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக விடிவதற்குள் ஜீப்பில் ஏறிப் போகும் நம் ஊர்ப் பெண்களின் கை பட்டுத்தான் அது கீழே வருகிறது. கரும்பும் வெல்லமும் பெரியகுளம், வைகை அணைப் பக்கம்.

எங்கள் அம்மா செய்யும் முறை இது. ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்புவார். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்துச் சலிப்பார். முக்கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுவார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். உடனே இறக்கி, ஏலக்காய், சுக்கு, எள் போட்டு மாவைக் கொட்டிக் கிளறுவார். மேலே நெய் தடவி, பானையில் இரண்டு நாள் மூடி வைப்பார். மூன்றாம் நாள் வாழையிலையில் தட்டி, மிதமான தீயில் பொரித்து, இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிவார். அன்றைக்குச் சாப்பிடுவதைவிட மறுநாள் சாப்பிட்டால்தான் ருசி.

இனி நான் எழுத வந்த விஷயம். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1983இல் வேலைக்குச் சேர்ந்தேன். துணைக்கருவி இல்லாமல் வகுப்புக்குப் போகக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1994 என்று நினைவு. ஐந்தாம் வகுப்பில் உணவுச் சுத்தம் பற்றிய பாடம். கடையிலிருந்து இரண்டு வெல்லம் வாங்கிப் போயிருந்தேன். ஒன்று பளிச்சென்று மஞ்சள், இன்னொன்று கறுத்தது. "எது சுத்தமானது?" என்று கேட்டேன். எல்லாரும் மஞ்சளைக் காட்டினார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

கடைசி வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். அவன் அப்பா வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்த்தவர். "கறுப்புதான் டீச்சர் நல்லது. மருந்து போட்டாத்தான் வெளுக்கும்" என்றான்.

"உட்காருடா. டீச்சருக்கே பாடம் எடுக்கிறியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் கை மறுபடி எழும்பவில்லை. அன்று அது எனக்கு உறைக்கவே இல்லை.

2009இல் அம்மா போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷத் தீபாவளிக்கு முதன்முதலாக நானே தனியாக அதிரசம் சுட்டேன். கடையில் இருந்ததிலேயே அழகான மஞ்சள் வெல்லமாகப் பார்த்து வாங்கினேன். அதிரசம் கல்லாக வந்தது. உள்ளே நறநறவென்று சர்க்கரை. மணமே இல்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் காபியில் நனைத்துத் தின்றார். அம்மாவின் கைப்பக்குவம் அம்மாவோடு போய்விட்டது என்று நினைத்து அன்று ராத்திரி அழுதேன்.

பொங்கல் கழிந்து பெரியகுளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வழியில் ஒரு வெல்லக் கொட்டகையில் இறங்கினோம். பெரிய கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் காய்ந்த சக்கை எரிந்தது. நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ வெல்லம் கிடைத்தால் நல்லது என்றார் அங்கிருந்த பெரியவர். அதிரசத்துக்கு வெல்லம் வேண்டும் என்று கேட்டேன். அவர் மஞ்சள் மண்டை ஒன்றையும் கறுத்த மண்டை ஒன்றையும் எடுத்து வைத்தார். "இது கடைக்கும்மா. இது எங்க வீட்டுக்கு" என்றார்.

வெளுக்க ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போடுவதும், சில இடங்களில் சர்க்கரையையே கலந்து காய்ச்சுவதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. சர்க்கரை கலந்தால் பாகு உறைந்து குருணையாகும், அதிரசம் கல்லாகும். ஜனங்கள் மஞ்சளைத்தான் கேட்கிறார்கள், கறுப்பை வைத்தால் விலை போவதில்லை என்று வருத்தப்பட்டார். கேட்ட ஜனங்களில் நானும் ஒருத்தி. கேட்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளும் நான்தான்.

அந்தக் கறுத்த வெல்லத்தில் அதிரசம் அம்மா சுட்டதுபோலவே வந்தது. பக்குவம் என் கையிலும் கொஞ்சம் இருந்திருக்கிறது. ஆனால் முதல் அதிரசத்தைப் பிட்டபோது அம்மாவோடு சேர்ந்து அந்தப் பையனின் முகமும் கண்ணுக்குள் வந்து நின்றது.

தம்பி, உனக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். பெயரை எழுதினால் உனக்குச் சங்கடமாகலாம், அதனால் எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். அன்று நீ சொன்ன விடைதான் சரி. தப்பு டீச்சருடையது. முப்பது வருஷம் கழித்தாவது உனக்கு முழு மதிப்பெண் போடுகிறேன். தீபாவளிக்குக் கம்பம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. பானையில் மாவு இருக்கும்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: இந்தத் தடவை கடையில் பாகு வெல்லம் என்று கேட்டு, கறுத்ததாக வாங்குங்கள். நாம் கேட்டால்தான் அவர்கள் காய்ச்சுவார்கள்.

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்