கப்பல் நின்ற இடத்தில் கம்ப்யூட்டர் வேலை!

லண்டனின் கிழக்கே, தேம்ஸ் நதி வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது கேனரி வார்ஃப். இங்கே போக டி.எல்.ஆர். ரயிலில் ஏறினால் முன் இருக்கையைப் பிடிக்கக் குழந்தைகளிடையே போட்டிதான். டிரைவர் இல்லாத ரயில் என்பதால், கண்ணாடி வழியே தண்டவாளம் நேராகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் வானளாவிய வங்கிக் கட்டடங்கள் எதிரே வந்து நிற்கும்.

1802-ல் திறக்கப்பட்ட வெஸ்ட் இந்தியா கப்பல் துறைதான் இது. கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை இங்கேதான் வந்து இறங்கியது. பின்னாளில் கேனரி தீவுகளின் பழங்கள் வந்தன. பெயர் வந்ததும் அப்படித்தான். 1980-ல் துறையை மூடிவிட்டார்கள். 1991-ல் 235 மீட்டர் உயர ‘ஒன் கனடா ஸ்கொயர்’ எழுந்தது.

ரயில் நிலையத்துக்கு வெளியே ஆறு கடிகாரக் கம்பங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு முகத்திலும் ஒரே ஓர் எண்தான்! அதன் கீழே போட்டோ எடுப்பவர்களுக்கு நடுவே, கழுத்தில் அடையாள அட்டையோடு வேகமாக நடப்பவர்களில் பலர் மென்பொருள் பொறியாளர்கள்.

முதலீட்டு வங்கி என்றால் பாஸ்புக் பதியும் வங்கி அல்ல. நிறுவனங்களுக்குப் பணம் திரட்டித் தருவது, பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வாங்கி விற்பது இதன் தொழில். விலை கணக்கிடுவது முதல் பணம் கைமாறும் வரை எல்லாமே மென்பொருள்தான். லண்டன் பங்குச் சந்தை காலை 8 மணிக்குத் திறக்கும்போது, கோடைக்காலமாக இருந்தால் சென்னையில் மதியம் 12.30. இங்குள்ள சில வங்கிகளின் தொழில்நுட்பக் குழுக்கள் சென்னையிலும் இருக்கின்றன.

ஒரு சர்வர் செய்த வேலை

இந்த வேலையில் வேகத்தைவிடக் கவனத்துக்கு மதிப்பு அதிகம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனம் எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய மென்பொருளை ஒன்றில் மட்டும் ஏற்றாமல் விட்டது. அதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்! அதனால்தான் ஒரு வரியை மாற்றினாலும் யார் மாற்றியது, யார் ஒப்புதல் தந்தது என்று வங்கிகள் பதிவு வைக்கின்றன.

நேர்முகத் தேர்விலும் இதையேதான் பார்க்கிறார்கள். பொதுவாக முதலில் ஆன்லைனில் நிரல் எழுதும் தேர்வு, பிறகு அடுத்தடுத்துப் பல சுற்றுகள். “கடைசி ஐந்து நிமிடத்தின் அதிகபட்ச விலையை எப்படிக் கண்டுபிடிப்பாய்?” என்பதுபோல எளிதாகத்தான் தொடங்கும். விடை சொன்னதும், “ஒரு கோடி விலைகள் வந்தால்? நடுவில் சர்வர் நின்றுபோனால்?” என்று கேள்வி வளரும். சுயவிவரத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் தோண்டுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்ததிலிருந்து யோசித்துக் காட்டுபவருக்கு வாய்ப்பு உண்டு. பூசி மெழுகினால் அடுத்த கேள்வியிலேயே வெளுத்துவிடும். வட்டி ஏறினால் பழைய கடன் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்ற அளவுக்காவது நிதி அறிவும் தேவை.

பேங்க் ஸ்ட்ரீட், எண் 25

கடிகாரங்களிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது இந்தக் கட்டடம். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, ஊழியர்கள் அட்டைப்பெட்டிகளோடு இதிலிருந்துதான் வெளியே வந்தார்கள். நன்றாக வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். இப்போது அங்கே இருப்பது ஜே.பி. மார்கன்.

பெரிய வங்கிகள் சில, தங்களுக்கென்றே கருவிகளை உருவாக்கி வைத்திருக்கின்றன. கோல்ட்மேன் சாக்ஸின் ‘ஸ்லாங்’ அந்த வங்கிக்கென்றே உருவான நிரல் மொழி. அதில் மட்டும் பத்து வருடம் ஊறியவர் வெளியே வந்தால் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். ஜே.பி. மார்கனின் ‘அதீனா’வோ எங்கும் புழங்கும் பைத்தானில் எழுதப்பட்டது. எனவே தேர்வுக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு, “எந்த மொழியில் வேலை?” என்றும் கேட்டுவிடுவது நல்லது.

ஊர் திரும்புமுன், வடக்குக் கரையில் பழைய சர்க்கரைக் கிடங்கில் இயங்கும் டாக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். அனுமதி இலவசம். மூட்டை சுமந்த தொழிலாளர்களின் கதை அங்கே இருக்கிறது.